வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம்: வாசகர் கேள்வி – பதில்

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் சமத்துவத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதில் உள்ள சிக்கல்களைப் பற்றிச் சென்ற இதழில் வாசகர்களிடமிருந்து கேள்விகளை வரவேற்றிருந்தோம். ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் பள்ளிகளின் பெயர்களையும் அவர்களுடைய நலன் கருதித் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் தீண்டாமைக்கு எதிரான உறுதிமொழியை முறையாக எடுக்கிறோம், பாடநூலின் தொடக்கப் பக்கத்திலும் அது அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் மாணவர்களின் மணிக்கட்டில் சாதிக்கொரு வண்ணக் கயிறு இருக்கிறது. வகுப்பிலும் மதிய உணவிலும் தெருவாரியாகவே அமர்கிறார்கள். நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கை 610 பக்கங்கள் கொண்டது என்கிறார்கள். அதில் ஒரு தலைமை ஆசிரியர் தன் அளவில் எதிலிருந்து தொடங்க முடியும்?
— தலைமை ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாகத் தமிழக அரசு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கையில் அரசு மட்டுமே செய்யக்கூடியவையும் உண்டு, நீங்கள் திங்கட்கிழமை காலையிலேயே செய்துவிடக்கூடியவையும் உண்டு. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவருவது, 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் பணியிடம் உருவாக்குவது ஆகியவை முதல் வகை. இவற்றுக்கு நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பு இருக்கக்கூடாது, மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும் என்பன இரண்டாம் வகை. தொடங்க வேண்டிய இடம் இதுவே என்று நினைக்கிறேன்.

அகரவரிசை என்றதும் அது அற்பமான ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் மறைந்து, தந்தையின் அல்லது தாயின் முதலெழுத்து மட்டுமே முன்னால் நிற்பதால், பெயரை வைத்து வரிசைப்படுத்தும்போது தெருக்கள் தாமாகவே கலந்துவிடுகின்றன. யாரை யாருக்கு அருகில் உட்கார வைப்பது என்று ஆசிரியர் முடிவெடுக்க வேண்டிய சங்கடமும் இல்லாமல் போகிறது. ஆசிரியர் தன் விருப்பப்படி இடம் மாற்றினால் "எங்கள் பையனை ஏன் அவனோடு போட்டீர்கள்?" என்று கேட்டு வருகிறவர், அகரவரிசையை எதிர்த்துக் கேட்பதற்குக் காரணம் தேடித் திணறுவார். ஆண்டு முழுவதும் ஒரே இடம் என்றிருந்தால் முதல் பெஞ்ச், கடைசி பெஞ்ச் என்ற வேறொரு வேற்றுமை முளைக்கும் என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரிசையை நகர்த்துங்கள். பார்வைக் குறைபாடோ செவித்திறன் குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்து, அதை அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கயிறு இதைவிடக் கடினமானது. வண்ணக் கயிறுகளைத் தடை செய்யும் சுற்றறிக்கை 2019இலேயே வெளிவந்து, அப்போது எழுந்த எதிர்ப்பில் நடைமுறைக்கு வராமலே நின்றுபோனது. அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கயிற்றைப் பற்றிய விதியை ஆசிரியர் தனியாளாக, ஒரு மாணவனின் கையைப் பிடித்து, எல்லோர் முன்னிலையிலும் கத்தரிக்கோலால் நடைமுறைப்படுத்தினால் அது அன்று மாலையே அவனுடைய தெருவின் மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. கல்வியாண்டின் தொடக்கத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தைக் கூட்டி, எல்லாத் தெருக்களின் பெற்றோரும் இருக்கும்போது, எந்தக் கோயிலின் கயிறாக இருந்தாலும் பள்ளி நேரத்தில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டுக் கையொப்பம் வாங்குங்கள். விதி எல்லோருக்கும் ஒன்று என்று கண்ணால் கண்டால்தான், தன் பிள்ளையின் கயிற்றைக் கழற்ற முதல் தகப்பன் ஒப்புக்கொள்வார். அடையாளம் கயிற்றோடு நின்றுவிடுவதும் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் எல்லோருக்கும் ஒன்றுபோல வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டியில் ஒரு மாதத்துக்குள் ஒட்டுப்படமும் வண்ணப் பட்டையும் ஏறிவிடுகின்றன என்பதால், மிதிவண்டி நிறுத்துமிடத்தையும் ஒருமுறை சுற்றி வாருங்கள்.

தடை செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் கயிற்றோடு நெற்றிப்பொட்டையும் சந்துரு அறிக்கை சேர்த்திருக்கிறது. இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு பள்ளியில் குறிப்பிட்ட நிறமோ வடிவமோ சாதிக்குறியாகவே பயன்படுகிறது என்றால் அங்கே அதைத் தடுக்கலாம். அப்படி இல்லாத பள்ளியில் திருநீறோ குங்குமமோ வைத்து வரும் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்திக் கேள்வி கேட்பது, விதியின் நோக்கத்தையே திசைதிருப்பிச் சண்டையை வேறு களத்துக்குக் கொண்டுபோய்விடும். உங்கள் பள்ளியில் எது எதைக் குறிக்கிறது என்பது உங்கள் அலுவலக உதவியாளருக்கும் சத்துணவுப் பணியாளருக்கும் துல்லியமாகத் தெரிந்திருக்கும். அவர்களைக் கேளுங்கள்.

தென் மாவட்டங்களில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சமூகத் தலைவர்களின் நினைவு நாள்கள் வரும்போது வகுப்பறையிலும் வெப்பம் ஏறுவது நீங்கள் அறியாததல்ல. அந்த வாரங்களில் விளையாட்டுப் போட்டிகளை வைத்து, ஊர் அல்லது தெரு அடிப்படையில் கபடி அணி பிரிய விடுவதைப்போல ஆபத்தான திட்டமிடல் வேறு இல்லை. அணிகளைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே நீங்களே குலுக்கிப் போட்டுப் பிரித்து, ஆண்டு முழுவதும் அதே அணியில் ஆட வையுங்கள். வகுப்பறையைப் பெருக்குவது, தண்ணீர்ப் பானையை நிரப்புவது, கரும்பலகையைத் துடைப்பது ஆகியவற்றுக்கும் சுழற்சிப் பட்டியல் எழுதி ஒட்டுங்கள். பட்டியல் இல்லாத இடத்தில் "நீ போய் எடுத்து வா" என்ற ஆசிரியரின் விரல் எந்தப் பக்கம் நீள்கிறது என்பதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். கழிப்பறையை மாணவர்களைக் கொண்டு சுத்தம் செய்ய வைக்கவே கூடாது. பட்டியலின மாணவர்களை அதற்கு ஏவிய ஆசிரியர்கள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகியிருக்கிறது.

கேள்வி: நாங்கள் படித்த காலத்தில் எல்லோரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து படித்தோம், சாதி பற்றி யாரும் பேசியதில்லை. இப்போது குழு, அறிக்கை, சுற்றறிக்கை என்று பேசிப் பேசியே சாதியைப் பிள்ளைகளின் மனத்தில் வளர்க்கிறோம் என்று தோன்றுகிறது. இது சரிதானா?
— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தஞ்சாவூர்

பதில்: ஒரே திண்ணையில் உட்கார்ந்தவர்களை நீங்கள் நினைவில் வைத்திருக்கிறீர்கள், அந்தத் திண்ணைக்கே வர முடியாதவர்களை நினைவில் வைத்துக்கொள்ள உங்களுக்கு வாய்ப்பு இருந்திருக்காது. பள்ளியும் சாதியும் மோதிய வரலாறு நமக்குப் புதிதல்ல. நாங்குநேரி இருக்கும் அதே திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மாதேவியில், வ.வே.சு. ஐயர் 1920களில் ஒரு குருகுலத்தை நடத்தினார். தேசியக் கல்வி தருவதற்காகக் காங்கிரசின் நிதியுதவியையும் பெற்றிருந்த அந்த நிறுவனத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது தெரியவந்தபோது, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தார்கள். இரண்டு மாணவர்களின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் அந்த ஏற்பாடு என்று குருகுலத்தின் தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. காந்தி வரை போன அந்த விவகாரம், 1925இல் தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது.

தேசத் தொண்டில் குறை சொல்ல முடியாத ஒருவர் நடத்திய பள்ளியிலேயே, பேசப்படாமல் இருந்ததால்தான் அந்தத் தனிப்பந்தி தொடர்ந்தது; அதைப் பற்றிப் பேசியபிறகுதான் அது கேள்விக்குள்ளானது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் பசியைப் போக்கியதோடு எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தன. ஆயினும் சமைப்பவர் பட்டியலினப் பெண் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோரைப் பற்றிய செய்திகள் இந்தப் பத்தாண்டில்கூட வந்திருக்கின்றன. அவர்களுக்குச் சாதியைக் கற்றுக்கொடுத்தது எந்தச் சுற்றறிக்கையும் அல்ல.

கேள்வி: சாதியை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். ஆனால் சாதிச் சான்றிதழைக் கேட்பதும், அதைக் கணினியில் ஏற்றச் சொல்வதும், உதவித்தொகைக்குப் பட்டியல் அனுப்பச் சொல்வதும் அரசேதான். வகுப்பாசிரியராகிய நான் இதை எப்படிச் சமாளிப்பது?
— பட்டதாரி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: பதிவு செய்வதும் அறிவிப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். இட ஒதுக்கீட்டுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் சமூகப் பிரிவு பற்றிய பதிவு தேவை. அந்தப் பதிவு இல்லையென்றால் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பட்டியலின மாணவர்களுக்கான ப்ரீமெட்ரிக் உதவித்தொகையும், பதினொன்றாம் வகுப்பு முதலான போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகையும் உரியவருக்குப் போய்ச் சேராது. அந்தப் பதிவு இருக்க வேண்டிய இடம் அலுவலகக் கோப்பும் எமிஸ் எனப்படும், கடவுச்சொல்லுடன் கூடிய மாணவர் விவரத் தளமும் ஆகும். வகுப்புக்கு எடுத்துச் செல்லும் வருகைப் பதிவேடோ, ஆசிரியர் அறையின் மேசையில் திறந்து கிடக்கும் மதிப்பெண் பட்டியலோ அதற்கான இடம் அல்ல.

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு சுற்றறிக்கையோடு அலுவலக உதவியாளர் வருவார், ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு "எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்திருங்கள்" என்பார். தீய நோக்கம் எதுவும் இல்லாமலே ஒரு நிமிடத்தில் அறையில் உள்ள நாற்பது பேருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது. இதற்கு மாற்றாக, உதவித்தொகை தொடர்பான எல்லா வேலைகளையும் ஆண்டுக்கு இருமுறை பெற்றோர் சந்திப்பு நாள்களில் வைத்துக்கொண்டு, எல்லாப் பெற்றோரையும் ஒவ்வொருவராக அழைத்து வங்கிக் கணக்கு எண்ணையும் வருமானச் சான்றையும் சரிபார்த்துவிடலாம். எல்லோரும் வந்து போகும்போது யார் எதற்கு வந்தார் என்று மற்றவருக்குத் தெரியாது. கூடுதலாக ஒரு நாள் மாலை செலவாகும் என்பது உண்மைதான்.

தமிழக அரசு 2025இல் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட மாணவர்களுக்கான நல விடுதிகளின் பெயரைச் சமூகநீதி விடுதிகள் என்று மாற்றியது. பலகையில் பெயர் மாறியபிறகும் வகுப்பில் "ஹாஸ்டல் பையன்" என்ற சொல்லே சாதிப் பெயருக்குப் பதிலாக வழங்கும் என்றால், அதைத் திருத்த வேண்டியவர் வகுப்பாசிரியரே. முதலில் அந்தச் சொல்லை ஆசிரியர்கள் தங்கள் பேச்சிலிருந்து நீக்க வேண்டும்.

கேள்வி: என் வகுப்பு மாணவன் ஒருவன், மூத்த மாணவர்கள் சிலர் தன்னைச் சாதி சொல்லித் திட்டுவதாகவும், தின்பண்டம் வாங்கி வரச் சொல்லி விரட்டுவதாகவும் என்னிடம் அழுதான். தலைமை ஆசிரியரிடம் சொன்னபோது, இரண்டு தரப்பையும் அழைத்துக் கைகுலுக்க வைத்துவிடலாம், வெளியே போனால் ஊர்ப் பிரச்சினை ஆகிவிடும் என்றார். நான் என்ன செய்ய வேண்டும்?
— முதுகலை ஆசிரியை, தென் மாவட்டம் ஒன்றிலிருந்து

பதில்: கைகுலுக்க வைக்கும் யோசனையை உடனே தடுத்து நிறுத்துங்கள். நாங்குநேரியில் தாக்கப்பட்ட பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் முதலில் பள்ளிக்கு வராமல்தான் நின்றார். காரணம் கேட்கப்பட்டபோது, தன்னைத் துன்புறுத்திய சக மாணவர்களைப் பற்றிச் சொன்னார். புகார் சொன்ன செய்தி உரியவர்களை எட்டியது. அன்றிரவே அரிவாளோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. புகாரைக் கேட்டது தவறில்லை. கேட்டபிறகு அந்தப் பையனைப் பாதுகாக்க ஏற்பாடு இல்லாமல் போனதே தவறு. அவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, சொல்வதை எழுதுபவரின் துணையோடு 2024இல் பொதுத் தேர்வை எழுதி 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். அந்த மதிப்பெண்ணைப் பாராட்டித் தள்ளும் அவசரத்தில், புகார் கசிந்த வழியை நாம் ஆராயாமல் விட்டுவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆகவே முதல் வேலை, சொன்னவன் யார் என்பது வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது. மாணவன் சொன்னதைத் தேதியிட்டு எழுதி, தலைமை ஆசிரியரிடம் எழுத்துவடிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அடுத்த நாள் அது நடக்காத பேச்சாகிவிடும். மூத்த மாணவர்களை விசாரிக்கும்போது "அவன் சொன்னான்" என்று தொடங்காமல், ஆசிரியர்கள் இடைவேளையிலும் பேருந்து நிறுத்தத்திலும் நேரில் பார்த்ததன் அடிப்படையில் தொடங்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கு ஆசிரியர்களை அங்கே நிறுத்தவும் வேண்டும். அந்த மாணவன் வீட்டுக்குப் போகும் வழியையும் நேரத்தையும் பெற்றோரோடு பேசி முடிவு செய்யுங்கள். தலைமை ஆசிரியர் அசையவில்லை என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதலாம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகியவையும் இருக்கின்றன.

பட்டியலினத்தவரையோ பழங்குடியினரையோ பிறர் பலர் அறியச் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம். செய்தவர்கள் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் என்றால் அவர்களை இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். அந்தப் பையன்களும் பள்ளியின் பிள்ளைகள்தாம் என்பதால், மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அதே பேருந்தில் அதே ஊருக்குத்தான் அவர்களும் போவார்கள், கூடுதல் கோபத்தோடு. அவர்களோடு தனித்தனியாக, மனநல ஆலோசகரின் துணையோடு, பல வாரங்கள் பேச வேண்டியிருக்கும்.

கேள்வி: விளையாட்டுப் பாடவேளையில் பையன்கள் மைதானத்தை எடுத்துக்கொள்ள, நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டால் "யார் வேண்டாம் என்றார்கள், வந்து விளையாடுங்கள்" என்கிறார்.
— பத்தாம் வகுப்பு மாணவி, சேலம்

பதில்: வேண்டாம் என்று யாரும் சொல்லாததால் மட்டும் மைதானம் உங்களுக்குக் கிடைத்துவிடாது. வாரத்தில் இத்தனை பாடவேளை மைதானம் மாணவிகளுக்கு என்று கால அட்டவணையிலேயே எழுதித் தருமாறு வகுப்பு மாணவிகள் எல்லோரும் கையொப்பமிட்டுத் தலைமை ஆசிரியரிடம் மனுக் கொடுங்கள். பந்து இருக்கும் அலமாரியின் சாவி ஒரு மாணவியிடமும் இருக்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: என் மகளுக்குச் செவித்திறன் குறைபாடு, காது கேட்கும் கருவி அணிகிறாள். எட்டாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளியில் நன்றாகப் படித்தாள். ஒன்பதாம் வகுப்புக்குச் சேர்க்கப் போன உயர்நிலைப் பள்ளியில், சிறப்புப் பள்ளிதான் அவளுக்கு நல்லது என்று அக்கறையோடு சொல்கிறார்கள். நாங்கள் வற்புறுத்தலாமா?
— தந்தை, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: வற்புறுத்தலாம். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 16ஆம் பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, தேவையான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்றளிக்கப்பட்ட, 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு, அருகமைப் பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை 31ஆம் பிரிவு தருகிறது. எந்தப் பள்ளி என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் மகளுக்கு உரியது. அக்கறையோடு சொல்லும் தலைமை ஆசிரியர் அதைத் தன் கையில் எடுத்துக்கொள்ள முடியாது. சிறப்புப் பள்ளிகளைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். சைகை மொழியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கே கிடைக்கும் நட்பும் தன்னம்பிக்கையும் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். ஆனால் எட்டு ஆண்டுகள் ஊர்ப் பள்ளியில் பேச்சைக் கேட்டுப் படித்த பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் திடீரென இடம் மாற்றுவதற்கு, பள்ளியின் வசதியைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சேர்க்கை கிடைத்தபிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஆசிரியரின் முகத்தைப் பக்கவாட்டில் பார்க்கும்படி இரண்டாம் வரிசையின் ஓரத்தில், சன்னலுக்கு முதுகு காட்டி அவள் அமர வேண்டும். சன்னலை நோக்கி அமர்ந்தால் வெளிச்சம் கண்ணில் பட்டு உதட்டசைவு தெரியாது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் சொல்லும் பழக்கத்தை ஆசிரியர்கள் விட வேண்டும். இது மற்ற பிள்ளைகளுக்கும் நல்லதுதான். வகுப்பில் யாரேனும் பதில் சொன்னால் அதை ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்வரிசையிலிருந்து வரும் குரல் கருவிக்கு எட்டாது. பல குரல்கள் சேர்ந்து வந்தால் எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். வீட்டுப்பாடத்தையும் தேர்வுத் தேதியையும் வாயால் மட்டும் அறிவிக்காமல் பலகையில் எழுத வேண்டும். இவற்றில் எதற்கும் பணம் செலவில்லை. சொல்லித்தர ஆள்தான் வேண்டும்.

அந்த ஆள் சிறப்பாசிரியர். உயர்நிலைப் பள்ளி நிலையில் மாற்றுத்திறன் மாணவர்கள் 15 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் குறிப்பிட்டது. நடைமுறையில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர் ஒருவர் பல பள்ளிகளைப் பார்த்துக்கொள்கிறார் என்பதால், உங்கள் மகளுடைய பள்ளிக்கு அவர் வரும் நாளைக் கேட்டறிந்து அன்று நீங்களும் போய்ப் பாட ஆசிரியர்களோடு சேர்த்துச் சந்தியுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல் நேரமும், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கேட்டுப் பெறலாம். அதற்கான மருத்துவச் சான்றையும் தலைமை ஆசிரியரின் பரிந்துரையையும் ஒன்பதாம் வகுப்பிலேயே தயார் செய்யத் தொடங்குங்கள். கூடுதல் நேரத்தைத் தயங்காமல் கேளுங்கள். மொழிப்பாட விலக்கை மட்டும் மகளோடு பேசி முடிவு செய்யுங்கள். அந்த மொழியை அவள் விரும்பிப் படிக்கிறாள் என்றால் சலுகை இருக்கிறது என்பதற்காகவே அதைக் கைவிடுவதில் பொருளில்லை.

கேள்வி: என் மகனுக்குப் பதினான்கு வயது. நடையும் பேச்சும் பெண்ணைப் போல இருக்கிறது என்று வகுப்பில் கேலி செய்கிறார்கள். ஓர் ஆசிரியரே நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தாராம். பள்ளியில் கழிப்பறைக்கே போகாமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறான். அவனை மாற்ற ஏதாவது ஆலோசனை பெற வேண்டுமா? அவன் அப்பா கண்டித்துத் திருத்திவிடலாம் என்கிறார்.
— தாய், மதுரை

பதில்: அம்மா, உங்கள் மகனிடம் திருத்துவதற்கு எதுவும் இல்லை. மென்மையாகப் பேசும் சிறுவர்களில் பலர் அப்படியே வளர்ந்து ஆண்களாகவே வாழ்கிறார்கள். சிலர் பின்னாளில் தங்களை வேறாக உணரலாம். அதைப் பதினான்கு வயதில் பெற்றோரோ ஆசிரியரோ முடிவு செய்ய வேண்டிய அவசியமில்லை. கண்டித்தால் நடை மாறாது. உங்களிடம் சொல்வதை மட்டும் அவன் நிறுத்திவிடுவான். கழிப்பறையைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு அவன் உங்களை இன்று நம்புகிறான் என்பதை அவன் அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போவதென்றால், கேலியால் பட்ட காயத்துக்காக அழைத்துப் போங்கள். பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பில் தடை செய்தது. மாற்றித் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால் அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

பள்ளியில் நீங்கள் முதலில் பேச வேண்டியது கழிப்பறையைப் பற்றி. மாணவர்களின் கழிப்பறைக்குள் ஆசிரியர்களின் கண் எட்டாது என்பதால் கேலி அங்கேதான் கைவைப்பதாக மாறுகிறது. பாடவேளை நடக்கும்போது அவன் போய்வர அனுமதி கேளுங்கள், அல்லது ஆசிரியர்களின் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி கேளுங்கள். சிறுநீரை நாள் முழுவதும் அடக்குவது உடலுக்குக் கேடு என்பதால் இதை மறுப்பது எந்தத் தலைமை ஆசிரியருக்கும் எளிதல்ல. உங்கள் மகனை யாரேனும் தகாத முறையில் தொட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால், அது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்கீழ் வரும். அந்தச் சட்டம் ஆண் பிள்ளைகளையும் பாதுகாக்கிறது.

நடித்துக் காட்டிய ஆசிரியர்மீது எழுத்துவடிவில் புகார் கொடுங்கள். ஓர் எண்ணைச் சொல்லியோ திருநங்கையரைப் பழிக்கும் சொல்லைச் சொல்லியோ மாணவர்கள் கூப்பிடுவதை வகுப்பில் ஒரே வாரத்தில் நிறுத்த முடியும், ஆசிரியர் சிரிக்காமல் இருந்தால். திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்த முதல் மாநிலம் தமிழ்நாடு, அது 2008இல். 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் கல்வி நிறுவனங்களில் அவர்களைப் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்கிறது. இவை எல்லாம் இருந்தும், பள்ளியின் உள்ளே அந்தச் சொல் இன்னும் வசையாகவே புழங்குகிறது.

கேள்வி: எங்கள் நடுநிலைப் பள்ளியில் பீகார், ஒடிசா தொழிலாளர்களின் பிள்ளைகள் சேர்கிறார்கள். பதின்மூன்று வயது மாணவனுக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் இல்லை. மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் தமிழ் கற்றுக்கொள்வான் என்கிறார்கள். மற்ற மாணவர்கள் "வடக்கன்" என்கிறார்கள்.
— ஆசிரியர், திருப்பூர்

பதில்: மூன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக்கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 4ஆம் பிரிவுப்படி அவனை வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்து, பின்தங்கிய பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவும் கூடாது. பதின்மூன்று வயதுப் பையன் எட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்குள் பின்னலாடை நிறுவனத்தில் வேலைக்குப் போய்விடுவான். திருப்பூரில் அதற்கு வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது.

காலையில் அரை மணி நேரம் தமிழுக்கென்று ஒதுக்குங்கள். எழுத்தில் தொடங்காமல், கடையிலும் பேருந்திலும் வேண்டிய பேச்சில் தொடங்குங்கள். கணக்குப் பாடத்தில் மொழியின் சுமை குறைவு என்பதால், அவன் முதலில் தலை நிமிரக்கூடிய இடம் அதுவாகத்தான் இருக்கும். பலகைக்கு அழைப்பதானால் அங்கே அழையுங்கள். அந்த வசைச்சொல்லைப் பொறுத்தவரை, மற்ற மாணவர்களுக்கு அறிவுரை சொல்வதற்கு முன்பு, ஆசிரியர் அறையில் அவனைக் குறிப்பிடும்போது பெயரைச் சொல்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் குடும்பத்தோடு ஊருக்குப் போனால் பெயரை நீக்கிவிடாமல், திரும்பி வரும் நாளைத் தந்தையின் கைப்பேசியில் கேட்டுக் குறித்து வையுங்கள். முதலாளி வேலையை மாற்றினால் குடும்பம் ஒரே இரவில் இடம் பெயரும் என்பதால், அவன் படித்த வகுப்பையும் மதிப்பெண்ணையும் எமிஸ் எண்ணையும் எழுதிய ஒரு தாளை ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் பெற்றோரின் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஊரில் சேர்க்கைக்கு நிற்கும்போது அவர்களிடம் காட்டுவதற்கு அது ஒன்றாவது இருக்கும்.